500 பிரதியில் 350 வீட்டில் கிடக்கிறது, இனியும் எழுத வேண்டுமா?

கேள்வி இதுதான். சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தம்பியின் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்து ஒன்றரை ஆண்டாகிறது. சென்னையில் 500 பிரதி அச்சடித்து இங்கே வரவழைத்தார். வெளியீட்டு விழாவன்று 130 போனது. அப்புறம் மாதம் ஒன்று, இரண்டு; சில மாதம் ஒன்றுகூட இல்லை. மிச்சம் 350 வீட்டில். தொடங்கிய நாவல் பாதியில் நிற்கிறது. "எழுத உட்கார்ந்தாலே அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வருகின்றன. யாருக்காக எழுதுவது, எப்படித் தொடர்வது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த 130ஐப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் மனச்சோர்வின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சனி அல்லது ஞாயிறு மாலை, நூலகத்தில் ஓர் அறை அல்லது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, ஏற்புரை. நடுவில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடையேறி, உறையைக் கையில் கொடுத்து, நூலை வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். உறைக்குள் சில சமயம் நூலின் விலையைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அலுவலக நண்பர், மனைவியின் சித்தப்பா, பக்கத்து புளோக் அக்கா, சக எழுத்தாளர்கள் என்று எல்லாரும் வந்திருப்பார்கள். இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இது இல்லாவிட்டால் நம்மவர்களின் முதல் நூல்களில் பாதி அச்சுச் செலவைக்கூடப் பார்த்திருக்காது. ஆனால் அன்றைக்கு வாங்கியவர்கள் வாங்கியது உங்களுக்காக. அவர்களில் பலர் இதற்கு முன் தமிழில் ஒரு சிறுகதைத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியே இருக்க மாட்டார்கள். இனியும் வாங்கப் போவதில்லை.

130இலிருந்து மாதம் ஒன்றுக்குச் சரிந்துவிட்டதாக நீங்கள் பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. முதலாவது உறவுக் கணக்கு, அது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. இரண்டாவது வாசகர் கணக்கு, அது பூச்சியத்தில் தொடங்கி இந்த ஒன்றரை ஆண்டில் இருபதுக்கு வந்திருக்கிறது. அந்த இருபது பேரில் பலருக்கு உங்கள் முகம் தெரியாது. எங்கோ ஒரு கதையைப் படித்துவிட்டோ, யாரோ சொல்லிக் கேட்டோ தேடி வந்தவர்கள். உங்களை எழுத்தாளராக மட்டும் அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் வந்த வேகம் மெதுவானது என்று சொல்லலாம். சரிவு என்று சொல்ல முடியாது.

மெதுவாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. 2.5 என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அதில் பள்ளிப் பிள்ளைகளைக் கழியுங்கள், படிக்கத் தெரிந்தும் செய்தியோடு நிறுத்திக்கொள்பவர்களைக் கழியுங்கள், நாவலும் சிறுகதையும் படிக்கிறவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருந்த தமிழ்நாட்டிலேயே இலக்கிய நூல்கள் பல இன்று சில நூறு பிரதிகளுடன்தான் தொடங்குகின்றன. ஒரு காலத்தில் 1,000, 1,200 என்று அச்சடித்த பதிப்பகங்கள்கூட இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் பி.ஓ.டி. முறையில் ஐம்பது, நூறு என்று எடுத்துக்கொள்கின்றன. இந்த நிலையில் சிங்கப்பூரில் ஒரு முதல் தொகுப்புக்கு 500 என்பது இந்த ஊருக்குப் பொருந்தாத எண். அந்த எண்ணை உங்களுக்குச் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. அச்சகத்தில் பிரதி கூடக் கூட ஒரு நூலுக்கான செலவு குறையும் என்பதால் எல்லாருக்கும் வரும் ஆசைதான் அது.

இன்னொரு விஷயம். அந்த 2020 கணக்கெடுப்பின் எண்ணில் வராத பெரிய கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது: வேலை அனுமதிச்சீட்டில் வந்திருக்கும் நம் ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் தெரியும். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் தமிழில் எழுதியவர்களும் உண்டு. விடுதியில் படுக்கைக்கு மேல் புத்தகம் அடுக்க இடமில்லாதவர்கள் கைப்பேசியில் படிக்கிறார்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் இருக்கிறது. உங்கள் தொகுப்பு மின்னூலாக வந்திருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சீக்கிரம் செய்யுங்கள். குறைந்த விலை வையுங்கள்.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன்.

புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புத்தகப் பெட்டிகள் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டர். இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். சென்னையிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றி வந்த கட்டு ஓராண்டு அங்கே கிடந்தால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் ஓரங்கள் பழுப்பாகும். அட்டையின் லேமினேஷன் மூலையில் உரிந்து சுருளும். பிறகு உள்பக்கத்தில் கடுகுபோலப் புள்ளிகள். கடைசியில் வெள்ளிப்பூச்சி. அப்படிப் போன பிரதியை யாருக்கும் கொடுக்க மனம் வராது. ஆகவே இன்றே கட்டுகளைத் திறந்து பாருங்கள். அடியில் மரப்பலகை வையுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா இரண்டு வாங்கி வைத்து, நிறைந்ததும் மாற்றுங்கள். இந்த வேலையை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் புத்தகம் மட்டும் இல்லை. ஒரு வீட்டில் தோல்வியின் அடையாளமாக ஒரு பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுவது கஷ்டம். அந்த 350ஐ 40 ஆக்க வேண்டும். அதுவே உங்கள் எழுத்து மேசையைப் பாதி சுத்தம் செய்துவிடும்.

எப்படிக் குறைப்பது? கடைகளை நம்ப வேண்டாம். தமிழ்ப் புத்தகம் வைக்கும் கடைகள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. வைத்தாலும் கமிஷன் போக உங்கள் கைக்கு வருவது சொற்பம். ஆனால் நூல் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஓரிரு இடங்களில் ஐந்தைந்து வையுங்கள், போதும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. ஒரு மாதம் முழுக்க நிகழ்ச்சிகள். நவம்பரில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. இந்த இரண்டு காலத்திலும் ஒரு பையில் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழைவாயில் மேசையில் வையுங்கள். அட்டை விலை 18 வெள்ளி என்றால் 10 வெள்ளிக்குக் கொடுங்கள். விலையைக் குறைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். ஒன்றரை ஆண்டான புத்தகத்துக்கு அது நியாயமான விலை.

பள்ளிகளுக்குக் கொடுப்பதென்றால் ஒரு கட்டாகக் கொண்டுபோய் அலுவலகத்தில் இறக்கிவிட்டு வராதீர்கள். ஒரு தமிழாசிரியரிடம் பேசி, எந்தக் கதை எந்த வகுப்புக்கு ஒத்துவரும் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். அவர் ஒரே ஒரு கதையை வகுப்பில் நகலெடுத்துப் படிக்க வைத்தால் நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உங்களை ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை "அந்த அம்மா ஏன் கடைசியில் கதவைத் திறக்கல?" என்று கேட்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் தெம்பை எந்த விற்பனைக் கணக்கும் தராது.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் இலக்கியம் உண்மையில் புழங்குகிற இடம் அதுதான். பணம் கொடுத்து வாங்கத் தயங்குகிறவர்கூட அங்கே எடுத்துப் படிக்கிறார். உங்கள் நூலை நூலக வாரியத்துக்கு முறைப்படி அனுப்பினீர்களா? சிங்கப்பூரில் பதிப்பிக்கப்படும் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பிரதிகள் நான்கு வாரத்துக்குள் தேசிய நூலகத்துக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். சென்னைப் பதிப்பகத்தின் பெயரில் வந்ததால் உங்களுக்கு அதை யாரும் நினைவூட்டியிருக்க மாட்டார்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். வட்டார நூலகங்களின் இரவல் பிரிவுக்கும் பரிந்துரைக்கச் சொல்லுங்கள்.

இரவலுக்குப் போன பிறகு ஒரு காரியம் செய்யலாம். நூலகச் செயலியில் உங்கள் நூலின் பெயரைத் தட்டினால் எந்தக் கிளையில் எத்தனை பிரதி, எது அலமாரியில், எது வெளியே, எப்போது திரும்பும் என்று வரும். இரவல் காலம் மூன்று வாரம். "வெளியே" என்று காட்டினால், உட்லண்ட்ஸிலோ தெம்பனிஸிலோ யாரோ ஒருவர் வீட்டில் உங்கள் புத்தகம் இந்த நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். விற்பனைக் கணக்கில் அவர் வரவே மாட்டார். நான் அங் மோ கியோ நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் தொகுப்பைப் புரட்டியபோது, பென்சிலால் மிக மெல்லிசாக யாரோ விடுபட்ட 'ப்' ஒன்றைச் சேர்த்திருந்தார். நாலு பக்கம் தள்ளி இன்னொன்று. கடைசிக் கதை வரை அப்படியே. நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறுதான். ஆனால் வல்லினம் மிகும் இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டே 160 பக்கமும் படித்த ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். அந்த எழுத்தாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அதே நூலகத்தில் வாசகர் வட்டம் நீண்ட காலமாகக் கூடுகிறது. போயிருக்கிறீர்களா? உங்கள் நூலைப் பற்றிப் பேச வைப்பதற்காகப் போகாதீர்கள். ஆறு மாதம் அடுத்தவர் நூலைப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நம்மில் பலருக்கு உள்ள குறை இது: எல்லாரும் எழுதுகிறோம், எல்லாரும் விற்க நினைக்கிறோம், சக எழுத்தாளரின் நூலைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து நாலு வரி எழுதுகிறவர்கள் குறைவு. நீங்கள் அந்த நாலு வரியை எழுதத் தொடங்கினால், உங்கள் நூலுக்கும் யாராவது எழுதுவார்கள். எழுதாவிட்டாலும், நல்ல கதையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்ட லாபம் உங்களுக்கு.

முகநூலில் நண்பர்கள் "மூன்றாம் பதிப்பு" என்று அட்டைப்படம் போடுவதைப் பார்த்து மனம் குமைந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பி.ஓ.டி.யில் ஒரு பதிப்பு ஐம்பது பிரதியாகவும் இருக்கலாம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, சந்தோஷப்படட்டும். உங்கள் 150 அவர்களின் மூன்று பதிப்புக்குச் சமமாக இருக்கக்கூடும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தமிழ் எழுதி யாரும் குடும்பம் நடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர் இராம. கண்ணபிரான் ஆசிரியராக இருந்தவர். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் வானொலியில் வேலை செய்தவர். கணினித் தமிழுக்குப் பெரிய பங்களித்த நா. கோவிந்தசாமியும் கல்விப் பணியில் இருந்தபடியே கதைகள் எழுதினார். மாதச் சம்பளம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. விற்பனையை நம்பி அரிசி வாங்க வேண்டிய எழுத்தாளன் சந்தைக்கு ஏற்ப எழுத வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. அடுத்த நூலுக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் கேட்டு விண்ணப்பியுங்கள். கைப்பணத்தைப் போட்டு அச்சடித்தால்தான் எழுத்தாளன் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு நூலின் ஆயுளையும் ஒன்றரை ஆண்டில் அளக்க முடியாது. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். மூன்று ஆண்டு போல நடந்து 1890இல் நின்றுபோனது. வியாபாரமாகப் பார்த்தால் அது முடிந்துபோன கதை. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நம் ஊர் எழுத்தாளர் மா. இளங்கண்ணனின் நாவல் தமிழில் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2012இல் ஆங்கிலத்தில் வந்தது. அவரைத் தமிழில் படிக்க முடியாத சிங்கப்பூரர்கள் அப்போது படித்தார்கள். 2015இல், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில், 1965 முதல் வெளிவந்த உள்ளூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350ஐத் தொண்டூழியர்கள் மின்வடிவமாக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் எத்தனையோ நூல்கள் எழுதியவரின் வீட்டுப் பெட்டியில் தூங்கியவை. யார் எத்தனை விற்றார் என்று பார்த்து அந்தப் பட்டியல் போடப்படவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கசப்பான கேள்வியையும் கேட்டாக வேண்டும். விற்காததற்கு நூலே காரணமாக இருக்க முடியுமா? முடியும். அந்த இருபது பேரில் மூன்று பேரையாவது பிடித்து, "எந்தக் கதையில் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டால் உண்மை வரும். மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் அடுத்த நூலுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எழுத்துப்பிழை, மங்கிய அட்டை, நாலு பேரின் அணிந்துரை தாண்டித்தான் முதல் கதை வருகிறது என்பதெல்லாம் சரிசெய்யக்கூடிய காரியங்கள்.

இப்போது அந்த நாவல்.

பாதியில் நிற்கும் நாவலை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் படிக்காதீர்கள். படித்தால் திருத்தத் தொடங்குவீர்கள், முதல் ஐந்து அத்தியாயம் பளபளக்கும், ஆறாவது பிறக்காது. கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் பாருங்கள், இல்லையென்றால் அதையே கையால் ஒரு முறை எழுதுங்கள். எழுதும்போதே அடுத்த வரி வந்துவிடும். வராவிட்டால், இந்த நாவலில் எந்தக் காட்சியை எழுத வேண்டும் என்று உங்களுக்கு ஆசையாக இருக்கிறதோ அதற்குத் தாவிவிடுங்கள், நடுவில் உள்ளதைப் பிறகு நிரப்பலாம். செங்காங்கிலிருந்து நகருக்குள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் வடகிழக்கு ரயில் பாதையில் அரை மணி நேரம் உங்களுக்குத் தினமும் கிடைக்கிறது. கைப்பேசியில் நூறு சொல் தட்டினால் போதும். எழுத வேண்டும் என்ற வேகம் உட்கார்ந்த பிறகுதான் பிறக்கும், அது வந்ததும் உட்காரலாம் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும்.

விற்பனை வேலைக்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். யாருக்கு அனுப்புவது, எங்கே வைப்பது, எவ்வளவு வந்தது என்பதெல்லாம் அன்றைக்கு மட்டும். மற்ற நாளில் யாராவது "புத்தகம் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "போகுது அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நாவலுக்கு ஒரே ஒரு வாசகரைத் தேடிக்கொள்ளுங்கள். மனைவி வேண்டாம், உங்களைப் புண்படுத்தக் கூடாது என்று நினைப்பவர் எவரும் வேண்டாம். மாதக் கடைசிக்குள் ஓர் அத்தியாயம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் அடுத்த அத்தியாயத்தைக் கேட்கத் தொடங்கினால், 500 பேரைப் பற்றிய கவலை தானாகப் பின்னுக்குப் போய்விடும். நாவல் இறுகும் மாதங்களில் ஒரு சிறுகதை எழுதிக் கையைச் சூடாக வைத்திருங்கள். தமிழ் எழுத்தாளர் கழகத்தின் சிறுகதை நிகழ்ச்சியான கதைக்களம் மாதாமாதம் நடக்கிறது. தமிழ் முரசின் ஞாயிறு பக்கங்களும், சிராங்கூன் டைம்ஸ் இதழும் இருக்கின்றன. தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி வரும் ஆண்டில் அதற்கும் அனுப்புங்கள். பரிசு கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. இத்தனாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்வது பெரிய உதவி.

நாவல் முடிந்ததும் 150 பிரதிக்கு மேல் அச்சடிக்காதீர்கள். பி.ஓ.டி.யில் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்யும், ஆனால் மொத்தத்தில் கையிலிருந்து போகும் பணம் பாதிக்கும் கீழே நிற்கும். தீர்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் இன்னும் ஐம்பது வரவழைக்கலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல மெய்ப்புத் திருத்துநர் ஒருவரையும், முடிந்தால் கதையின் போக்கைப் பார்த்து வெட்டச் சொல்லும் செம்மையாசிரியர் ஒருவரையும் அமர்த்துங்கள். நம் ஊரில் எழுத்தாளர்கள் மண்டபத்துக்கும் சிற்றுண்டிக்கும் செலவழிப்பதில் பாதியை இதற்குச் செலவழித்தால் நூல்களின் தரமே மாறிவிடும். செம்மையாசிரியரை இப்போதே பேசி வையுங்கள், நல்லவர்கள் கையில் எப்போதும் இரண்டு மூன்று கையெழுத்துப் பிரதி காத்திருக்கும்.